மடிக் கிட்டார்: ஹவாய்த் தீவிலிருந்து ஏலமலை அடிவாரம் வரை

மடிக் கிட்டார் என்பது மடியில் கிடைமட்டமாக வைத்து வாசிக்கப்படும் கிட்டார் வகை. வாசிப்பவர் இடக்கையில் பிடித்த உலோக ராடைத் தந்திகளின்மேல் நழுவவிட்டு, வலக்கை விரல்களால் மீட்டுகிறார். லேப் ஸ்டீல், ஸ்டீல் கிட்டார், ஹவாய் கிட்டார் என்றும் இது அழைக்கப்படுகிறது. இந்தியாவில் ஹவாய் கிட்டார் என்ற பெயரே பரவலாக உள்ளது. உலகில் வணிக அளவில் வெற்றிபெற்ற முதல் மின்கிட்டார் இந்த வகையைச் சேர்ந்தது.

இக்கட்டுரை இக்கருவியின் தோற்றம், இந்திய வருகை, தமிழகத்தின் கோட்டு வாத்திய மரபுடன் அதற்குள்ள உறவு ஆகியவற்றைக் கூறுகிறது. போடிநாயக்கனூரையும் அதை ஒட்டிய ஏலமலைச் சரிவுகளையும் சார்ந்த இசைக்குழு மரபில் ஆர்மோனியம் பெற்ற இடத்தை இக்கருவி ஏன் பெறவில்லை என்பதையும், ஒரு சிறிய குழு குறைந்த செலவில் இதை மேடைக்குக் கொண்டுவர எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் ஆராய்கிறது.

அமைப்பு

சாதாரணக் கிட்டாரில் விரலால் தந்தியை மெட்டின்மேல் அழுத்தி சுரம் பெறப்படுகிறது. மடிக் கிட்டாரில் தந்தி எங்கும் அழுத்தப்படுவதில்லை. ராடு தந்தியைத் தொடும் இடமே சுரத்தைத் தீர்மானிக்கிறது. எனவே தந்திகள் பலகையிலிருந்து உயரமாக நிற்கும். மெட்டுகள் இருக்கும் இடத்தில் வெறும் கோடுகள் போதும். அவை கண்ணுக்கு வழிகாட்டிகள் மட்டுமே.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, இரண்டு சுரங்களுக்கு இடையிலுள்ள எல்லா ஒலிகளும் வாசிப்பவருக்குக் கிடைக்கின்றன. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்வதும், சுரத்தை அசைப்பதும் இக்கருவியின் இயல்பு. இரண்டாவது, மற்றக் கிட்டார்களில் மிகுந்த நுட்பம் வேண்டிய வேலைகளான மெட்டு பதித்தலும் கழுத்தை வளைவின்றிச் செதுக்குதலும் இதில் தேவைப்படுவதில்லை. கிட்டார் குடும்பத்தில் செய்வதற்கு எளிமையானது இதுவே.

தோற்றம்

ஹவாய்த் தீவுகளுக்குக் கிட்டார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்றது. கால்நடை மேய்க்க வரவழைக்கப்பட்ட மெக்சிக்கர்கள் அதைக் கொண்டுசென்றனர். தீவு மக்கள் தந்திகளைத் தளர்த்தி, எந்தத் தந்தியையும் அழுத்தாமலேயே ஒரு முழு இசைவு ஒலிக்கும்படி சுருதி சேர்த்துக்கொண்டனர். இந்தத் திறந்த சுருதியே ராடு வாசிப்புக்கு வழி திறந்தது.

ராடால் வாசிக்கும் முறையைக் கண்டவராகப் பெரும்பாலும் ஏற்கப்படுபவர் ஜோசப் கெக்குக்கு. 1874-இல் ஓவாகு தீவின் லாயி என்ற ஊரில் பிறந்தவர். பள்ளிச் சிறுவனாக ரயில் பாதையோரம் நடந்தபோது கிடைத்த இரும்புத் துண்டு கிட்டார் தந்தியில் உரசி எழுப்பிய ஒலியிலிருந்து இம்முறை பிறந்தது என்ற கதை வழங்குகிறது. 1889-ஐ ஒட்டி இது நிகழ்ந்ததாகச் சொல்வர். கமேகமேகா பள்ளியின் பட்டறையில் அவர் வழவழப்பான எஃகு ராடு ஒன்றைச் செய்துகொண்டார். 1904-இல் ஹவாயைவிட்டு வெளியேறி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்தார். 1932-இல் மறைந்தார்.

இவருக்குச் சற்று முன்னரே கேப்ரியல் டேவியன் என்பவர் ஒரு பொருளைத் தந்தியில் நழுவவிட்டு வாசித்தார் என்ற மற்றொரு மரபுச் செய்தியும் உண்டு. டேவியன் இந்தியாவில் பிறந்து, சிறுவயதில் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டு ஹவாயை அடைந்தவர் என்று அச்செய்தி கூறுகிறது. இந்திய வீணை மரபின் நினைவு இதில் உண்டா என்ற கேள்வி இதனால் எழுந்தது. அதை நிறுவ உறுதியான சான்று இல்லை.

1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் கண்காட்சியின் ஹவாய் அரங்கு இக்கருவியை அமெரிக்கா முழுவதும் கொண்டுசென்றது. அடுத்த சில ஆண்டுகளில் ஹவாய் இசைத்தட்டுகள் அங்கு பெருமளவில் விற்றன.

முதல் மின்கிட்டார்

இசைக்குழுவுடன் சேர்ந்து வாசிக்கும்போது மடிக் கிட்டாருக்கு ஒரு பெரும் குறை இருந்தது. அதன் ஒலி போதவில்லை. பித்தளைக் குழல்களுக்கும் மேளத்துக்கும் நடுவே ஆறு தந்திகளின் ஓசை மூழ்கியது. மடியில் மேல்நோக்கிக் கிடப்பதால் கருவியின் ஒலி கூரையை நோக்கிச் சென்றதேயன்றி அவையை நோக்கிச் செல்லவில்லை.

இக்குறையைத் தீர்க்க முதலில் 1920-களின் பிற்பகுதியில் உலோகக் கூம்பு பொருத்திய ரெசனேட்டர் கிட்டார்கள் வந்தன. நேஷனல், டோப்ரோ ஆகியன இவ்வகையின் புகழ்பெற்ற பெயர்கள். அடுத்து, ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் இருவரும் காந்தப் பிக்கப் பொருத்திய கருவியை உருவாக்கினர். 1931-இல் மரத்தில் முன்மாதிரி செய்யப்பட்டது. 1932-இல் வார்ப்பு அலுமினியத்தில் விற்பனைக்கு வந்தது. வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் வறசட்டி என்ற பட்டப்பெயர் பெற்றது. 1937-இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

மேடை விளக்கின் வெப்பத்தில் அலுமினியம் விரிவடைய, வாசிக்கும்போதே சுருதி கலைந்தது. எனவே அந்நிறுவனம் 1935-இல் பேக்கலைட் உடல் கொண்ட கருவிகளுக்கு மாறியது. ஒலியைப் பெருக்குவதோடு, மேடையின் சூழலைத் தாங்கி நிற்பதும் மேடைக் கருவிக்கு அடிப்படைத் தேவை என்பதை இந்த முதல் கருவியே காட்டிவிட்டது.

இந்திய வருகை

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் எர்னஸ்ட் காய் போன்ற ஹவாய்க் கலைஞர்கள் ஆசிய நாடுகளில் பயணம் செய்தனர். கல்கத்தா, பம்பாய் போன்ற துறைமுக நகரங்களின் ஓட்டல்களும் நடன அரங்குகளும் அவர்களுக்கு மேடையாயின. சமோவாவில் 1908-இல் பிறந்த டாவ் மோ, தன் குடும்பத்துடன் உலகம் சுற்றி வாசித்தவர். 1940-களில் கல்கத்தாவில் பல ஆண்டுகள் தங்கி, வாசிப்பும் கற்பித்தலுமாக இருந்தார். அவரது செல்வாக்குப் பெற்ற கார்னி நிஸ் நடத்திய அலோகா பாய்ஸ் என்ற குழு கல்கத்தா வானொலி வழியாக அறியப்பட்டது.

வங்காளம் இக்கருவியைத் தன் வீட்டுக் கருவியாகவே ஏற்றது. கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா, பட்டுக் நந்தி, சுனில் கங்குலி ஆகியோர் ரவீந்திர சங்கீதத்தையும் நஸ்ருல் பாடல்களையும் திரைப்பாடல்களையும் ஹவாய் கிட்டாரில் வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட்டனர். பம்பாயில் வான் ஷிப்லி மின்கிட்டாரில் இந்தித் திரைப்பாடல்களை வாசித்துப் புகழ்பெற்றார். பாடகர் இல்லாமல் பாடலின் மெட்டை மட்டும் வாசிக்கும் இந்த இசைத்தட்டுகள் வானொலி வழியாக இந்தியா முழுவதும் ஒலித்தன.

செவ்வியல் இசைக்கு இதைக் கொண்டுசென்றவர்களில் முன்னோடி பிரிஜ் பூஷண் காப்ரா. சந்தூர் கலைஞர் சிவகுமார் சர்மா, புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் சேர்ந்து 1967-இல் பதிவு செய்த ‘கால் ஆஃப் த வேலி’ உலகெங்கும் அறியப்பட்டது. விஸ்வ மோகன் பட் கூடுதல் தந்திகள் சேர்த்துத் தன் கருவிக்கு மோகன வீணை எனப் பெயரிட்டார். ரை கூடருடன் அவர் வாசித்த இசைத்தொகுப்பு 1994-இல் கிராமி விருது பெற்றது. தேபாசிஷ் பட்டாச்சார்யா சதுரங்கி முதலிய வடிவங்களை உருவாக்கினார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வாரணாசியில் வளர்ந்த கமலா சங்கர் இந்துஸ்தானி மரபில் இக்கருவியை வாசிக்கும் பெண் கலைஞர்.

தமிழகத்தின் கோட்டு வாத்தியம்

தந்தியின்மேல் ஒரு பொருளை நழுவவிட்டு வாசிப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. மெட்டு இல்லாத வீணையான கோட்டு வாத்தியம் இம்முறையில் வாசிக்கப்படுவது. திருவிடைமருதூர் சகாராம ராவ் இதைக் கச்சேரிக் கருவியாக நிலைநிறுத்தினார். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் பயின்றவர். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி, நாராயண ஐயங்கார் ஆகியோர் அடுத்த தலைமுறையின் பெருங்கலைஞர்கள். நாராயண ஐயங்காரின் பேரன் என். ரவிகிரண் வழியாக இன்று இக்கருவி சித்திர வீணை என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது.

கருங்காலிக் கட்டை, எருமைக் கொம்பு போன்றவை நழுவவிடும் பொருளாகப் பயன்பட்டன. பிற்காலத்தில் டெஃப்லானும் வந்தது. ஹவாய் கிட்டாரில் எஃகு செய்யும் வேலையை இங்கே மரமும் கொம்பும் செய்தன.

ஆனால் கோட்டு வாத்தியம் பெரியது. பலா மரத்தில் குடைந்த குடமும் நீண்ட தண்டியும் இருபத்தொரு தந்திகளும் கொண்டது. தரையில் அமர்ந்து வாசிக்க வேண்டும். கற்கப் பல ஆண்டுகள் ஆகும். சபா மேடைக்கு உரிய அக்கருவி திருவிழாப் பந்தலுக்கும் அரசியல் கூட்டத்துக்கும் இறங்கி வரவில்லை. ஒலியின் தன்மையில் அதற்கு மிக நெருக்கமானதும், எடையிலும் செலவிலும் மிகக் குறைந்ததுமான மடிக் கிட்டார் அந்த இடத்தை நிரப்பியிருக்கக்கூடும். தமிழகத்தின் தென்மேற்கு மூலையில் அது நிகழவில்லை.

ஏலமலை அடிவாரத்தின் மேடைகள்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தால் வளர்ந்த ஊர். மேற்கே போடிமெட்டு வழியாக ஏறும் மலைச்சாலை பூப்பாறை, சாந்தன்பாறை வட்டாரங்களின் ஏலத் தோட்டங்களுக்கும், அதற்கப்பால் மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களுக்கும் செல்கிறது. ஏலக்காய் ஏலம் விடப்படும் மையங்களில் ஒன்று இன்றும் போடியில் உள்ளது. மதுரையிலிருந்து 1928-இல் ரயில் வந்தது. மலையிலிருந்து சரக்கு இறங்குவதும், அடிவார ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் ஏறுவதும் இங்குள்ள அன்றாட வாழ்க்கை. இசைக்குழுக்களும் இதே பாதையில்தான் ஏறி இறங்கின.

போடியிலிருந்து தேவாரம் வழியாகத் தெற்கே செல்லும் சாலையில் பண்ணைப்புரம் உள்ளது. பாவலர் வரதராசன் அவ்வூரினர். பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். மக்கள் அறிந்த திரைமெட்டுகளிலும் நாட்டுப்புற மெட்டுகளிலும் அரசியல் செய்தியைப் பொருத்திப் பாடுவது அவரது முறை. 1958-இல் நடந்த தேவிகுளம் சட்டமன்ற இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக அவர் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடிப் பிரசாரம் செய்தார். ரோசம்மா புன்னூஸ் வென்றார். தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்கள் மிகுந்திருந்த அத்தொகுதியில் அப்பாடல்களின் பங்கு பின்னாளில் பலராலும் நினைவுகூரப்பட்டது.

வரதராசனின் தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் ஆகியோர் இக்குழுவில் வளர்ந்தனர். ராசய்யா பின்னர் இளையராஜா ஆனார். அமர்சிங் கங்கை அமரன் ஆனார். பாவலர் பிரதர்ஸ் என்ற பெயரில் இக்குழு ஊர் ஊராகச் சென்றது. அதன் மையக் கருவி ஆர்மோனியம்.

ஆர்மோனியம் ஏன் வென்றது

ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் போன்றோரால் கையால் துருத்தி இயக்கும் சிறிய பெட்டியாக மாற்றப்பட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடை அதைத் தமிழகமெங்கும் பரப்பியது. எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு வாசித்த காதர் பாட்சா போன்ற ஆர்மோனியக் கலைஞர்கள் தனிப்புகழ் பெற்றனர். மதுரை வட்டாரத்தின் எந்த நாடகக் குழுவிலும் பெட்டி இருந்தது. வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஆளும், பழுது பார்க்க ஆளும் இருந்தனர்.

இக்கருவிக்கு எதிர்ப்பும் இருந்தது. சுரங்கள் நிலையாக அமைந்திருப்பதால் கமகம் வராது என்பதே முதன்மையான குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. வானொலி விலக்கிய கருவி அதே ஆண்டுகளில் மலையடிவார மேடைகளில் கோலோச்சியது.

கமகம் வராத கருவி வென்றதற்கும், கமகமே இயல்பான கருவி பின்தங்கியதற்கும் காரணங்கள் இசைக்கு வெளியே இருந்தன.

முதலாவது, மின்சாரம். மரப்பெட்டி மடிக் கிட்டாரின் ஒலி திறந்தவெளிக்குப் போதாது. மின்கருவிக்கோ ஒலிபெருக்கி வேண்டும். தோட்ட லயங்களின் முன்னே நடக்கும் கூட்டத்தில் மின்வசதியை நம்பிப் போக முடியாது. ஆர்மோனியத்துக்குத் துருத்தி போதும்.

இரண்டாவது, ஆள் எண்ணிக்கை. ஆர்மோனியம் வாசிப்பவரே பாடலாம். மடிக் கிட்டார் வாசிப்பவரின் கண் எப்போதும் கோடுகளின்மேல் இருக்க வேண்டும். அவர் பாடகர் ஆவது கடினம். எனவே குழுவில் ஒருவர் கூடுவார். ஜீப்பில் ஓர் இடமும் சம்பளத்தில் ஒரு பங்கும் கூடும்.

மூன்றாவது, கற்பிப்போர். வங்காளத்தில் வீட்டுக்கு வீடு பரவ ஹவாய் கிட்டார் ஆசிரியர்கள் இருந்தனர். மதுரைக்கு மேற்கே அந்தத் தொடர்ச்சி உருவாகவில்லை. கருவி ஊரை அடைய ஒரு நல்ல கடை போதும். அது ஊரில் நிலைக்க ஆசிரியரும் பழுதுபார்ப்பவரும் வேண்டும்.

இளையராஜா 1960-களின் இறுதியில் சென்னைக்குச் சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். ஜி.கே. வெங்கடேஷிடம் பணியாற்றிய பின்னர் 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாக இசையமைப்பாளர் ஆனார். அவர் வழியாகக் கிட்டார் தமிழ்த் திரையிசையின் முதுகெலும்புகளில் ஒன்றானது. ஆனால் அது நிமிர்த்திப் பிடித்து மெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்பானியக் கிட்டார். அப்பாடல்களை வாசித்த தேனி மாவட்ட மெல்லிசைக் குழுக்களும் அதையே வாங்கின. பின்னர் மின்விசைப்பலகை வந்தபோது, சுரத்தை வளைக்கும் சக்கரமும் அதிலேயே இருந்தது. இழைந்து செல்லும் ஒலி வேண்டிய இடங்களை விசைப்பலகைக்காரரே நிரப்பினார்.

குறைந்த விலைக் கருவிகளின் வரலாறு

மடிக் கிட்டார் தொடக்கம் முதலே எளியோரின் கருவியாக விற்கப்பட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இயங்கிய ஓவாகு பதிப்பு நிறுவனம், பாடப் புத்தகங்களையும் வகுப்புகளையும் மலிவான கிட்டாருடன் சேர்த்து விற்றது. கிப்சன் நிறுவனம் 1930-களின் நடுவில் கொண்டுவந்த இ.எச். 150 என்ற கருவியின் பெயரிலுள்ள எண், ஒலிபெருக்கியுடன் சேர்த்த விலையான 150 டாலரைக் குறித்தது. லியோ ஃபெண்டர் பின்னாளில் புகழ்பெற்ற தன் மின்கிட்டார்களுக்கு முன், 1945-ஐ ஒட்டி, மடிக் கிட்டாரையும் சிறு ஒலிபெருக்கியையும் சேர்த்தே செய்து விற்றார்.

விலையைத் தீர்மானித்தது பலகையைவிட ஒலிபெருக்கிதான் என்பதை இவை காட்டுகின்றன. இன்று அந்த நிலை மாறியுள்ளது. திருவிழா மேடை எதிலும் ஒலிக்கலவைக் கருவியும் பெட்டிகளும் வாடகைக்கு வந்துவிடுகின்றன. கருவியின் ஒலியை டி.ஐ. பெட்டி வழியாக நேரே அதற்குள் அனுப்பினால் போதும். 1950-களில் தடையாக இருந்த பெருஞ்செலவு இன்று குழுவின் கணக்கில் வருவதில்லை.

மேடைக்குத் தேர்ந்தெடுத்தல்

குறைந்த செலவில் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, கைவசமுள்ள சாதாரணக் கிட்டாரை மாற்றுவது. தலைப்பக்க நட்டின்மேல் ஓர் உலோக உயர்த்தியைப் பொருத்தினால் தந்திகள் மேலெழும். செலவு மிகக் குறைவு. பழகுவதற்கு இதுவே போதும். ஆனால் மரப்பெட்டிக் கிட்டாரை மேடையில் ஒலிபெருக்கினால் ஊளை எழும். மேளமும் பேஸ் கிட்டாரும் உள்ள குழுவில் இது பெருந்தொல்லை. திறந்த சுருதிகளில் சில தந்திகளை இறுக்க நேர்வதால், இலேசான பெட்டியின் குதிரை பிடுங்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இறுக்குவதைவிடத் தளர்த்திச் சேர்க்கும் சுருதியே இதற்குப் பாதுகாப்பு.

இரண்டாம் வழி, தொழிற்சாலையில் செய்த திட உடல் மின்கருவி. கிரெட்ச், ரோக் போன்ற பெயர்களில் தொடக்கநிலைக் கருவிகள் உலகச் சந்தையில் உள்ளன. உள்ளே வெற்றிடம் இல்லாததால் ஊளை அரிது. வாங்கும்போது பலகையின் வேலைப்பாட்டைவிடப் பிரடைகளைப் பார்க்க வேண்டும். மலிவுக் கருவிகள் முதலில் தோற்பது அங்கேதான். ஒரு பாட்டுக்குள் சுருதி இறங்கும் கருவி எந்த விலைக்கும் நட்டமே.

மூன்றாம் வழி, உள்ளூரில் செய்வது. ஒரே துண்டுத் திடப் பலகை, ஆறு பிரடைகள், ஒரு பிக்கப், குதிரை, நட் ஆகியவை போதும். நன்கு உலர்ந்த பழைய பலாப் பலகை இதற்கு ஏற்றது. வீணைக்கும் அதே மரம்தான். கோடுகளுக்கான கணக்கு எளியது. நட்டிலிருந்து குதிரை வரையுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் கோட்டின் தொலைவு வரும். மீதமுள்ள நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த கோடு. பரவலாக வழங்கும் 22.5 அங்குல நீளத்தில், அதாவது 571.5 மில்லிமீட்டரில், முதல் கோடு 32.1 மில்லிமீட்டரில் விழும். பன்னிரண்டாம் கோடு சரிபாதியான 285.75 மில்லிமீட்டரில் விழும். கோடு சற்றுப் பிசகினாலும் காது திருத்திக்கொள்ளும். மெட்டு பதித்த கிட்டாரில் அத்தகைய பிழைக்கு மன்னிப்பு இல்லை.

பிக்கப்பைப் பொறுத்தவரை, ஒற்றைச் சுருள் பிக்கப் மலிவானது. ஒலியும் தெளிவானது. ஆனால் சீரியல் விளக்குகளும் ஜெனரேட்டரும் சூழ்ந்த திருவிழா மேடையில் அது இரைச்சலை இழுக்கும். இரட்டைச் சுருள் பிக்கப் அந்த இரைச்சலைப் பெருமளவு நீக்கும். திருவிழா மேடைகளையே நம்பியிருக்கும் குழுவுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.

ராடு, கருவி அளவுக்கே முக்கியமானது. இலேசான ராடு தந்தியில் அதிர்ந்து கரகரக்கும். எடையுள்ள எஃகு ராடு தந்தியை நிலையாகப் பிடித்து ஒலியை நீட்டும். பக்கவாட்டில் பள்ளம் உள்ள ராடு, கமகங்களுக்காக அடிக்கடி தூக்கி வைக்க வேண்டிய வாசிப்புக்குக் கைக்கு வசதியானது. இரும்புக்கடைத் துண்டு எதுவும் பயன்படலாம் என்றாலும், அதன் முகம் கீறலின்றித் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும்.

சுருதி சேர்ப்பது குழுவின் தேவையைப் பொறுத்தது. பாடகர் இரண்டு கட்டையில் பாடினால், தந்திகளை டி மேஜர் இசைவுக்குச் சேர்க்கலாம். அப்போது ஐந்தாம் கோட்டில் ஜி, ஏழாம் கோட்டில் ஏ என மூன்று அடிப்படை இசைவுகளும் ராடை நேராக வைத்தாலே கிடைக்கும். பாட்டுக்குப் பாட்டு கட்டை மாறினாலும் ராடை நகர்த்தினால் போதும். ஆனால் மேஜர் சுருதியில் மைனர் இசைவு முழுமையாகக் கிடைக்காது. தமிழ்த் திரைப்பாடல்களில் மைனர் சாயல் மிகுதி. எனவே இசைவுகளும் வாசிக்க விரும்புவோர் சி6 என்னும் சுருதியைப் பயிலலாம். சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ என்ற அதன் ஆறு தந்திகளுக்குள் சி மேஜரும் ஏ மைனரும் அடங்கியுள்ளன. இராகச் சாயலுள்ள மெட்டுகளை மட்டும் வாசிப்பவருக்கு, கோட்டு வாத்தியத்தைப் போல ஷட்ஜமமும் பஞ்சமமுமாகச் சேர்ப்பதே பொருந்தும்.

மலைக்கு ஏறும் குழுவுக்கு இன்னும் சில கவனங்கள் உண்டு. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் குலுங்கும் குலுக்கலில் துணியுறை போதாது. கெட்டியான பெட்டி வேண்டும். மூடுபனியில் எஃகுத் தந்தி விரைவில் துருப்பிடிக்கும். வாசித்த உடனே துடைக்க வேண்டும். மாற்றுத் தந்தி ஒரு கட்டு எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். அடிவார வெயிலிலிருந்து மலைக்குளிருக்குச் சென்றதும் சுருதி மாறும். மேடையேறும் முன் கருவியை அரை மணி நேரமாவது பெட்டிக்கு வெளியே வைத்து, பின்பு சுருதி சேர்ப்பது நல்லது. அலுமினிய வறசட்டி 1930-களில் கற்பித்த பாடம் இதுவே.

இன்றைய நிலை

அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட போடி ரயில் 2023 ஜூன் முதல் மீண்டும் ஓடுகிறது. சென்னைக்கும் நேரடி ரயில் உள்ளது. கருவியை நேரில் பார்த்து வாங்க விரும்புவோருக்குச் சென்னை அண்ணாசாலையின் மியூசி மியூசிகல் போன்ற பழமையான கடைகள் உள்ளன. 1842-இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தொடர்ச்சி அது. இணையவழி வாங்குவதும் எளிதாகிவிட்டது.

ஆக, மின்சாரம், ஒலிபெருக்கி, கருவி கிடைப்பது ஆகிய பழைய தடைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. ஆசிரியர் இல்லாமை மட்டும் நீங்கவில்லை. சித்திர வீணை பயின்றவர்கள் மடிக் கிட்டாருக்கு மிக விரைவில் பழக முடியும். இரண்டு கருவிகளிலும் இடக்கை செய்யும் வேலை ஒன்றே. ஆனால் சபா மரபைச் சேர்ந்த அவர்களும் மெல்லிசைக் குழுக்களும் சந்திக்கும் இடங்கள் குறைவு. விசைப்பலகையின் சக்கரம் தரும் வளைவையே கேட்டுப் பழகிய காதுகளுக்கு, தந்தியில் ராடு இழையும்போது எழும் ஒலி எவ்வாறு வேறுபடுகிறது என்பது நேரில் கேட்டால்தான் தெரியும். ஒரு குழுவில் ஒருவர் அதைத் தொடங்குவதற்கு இன்று தேவைப்படும் பணம், ஒரு நடுத்தர விசைப்பலகையின் விலையைவிடக் குறைவு. தேவைப்படும் பொறுமை அதைவிட அதிகம்.